எண்ணத் தெரிந்த பல்கலைக்கழகம்: மும்பைச் சான்றுகளை முன்வைத்து

1. கேள்வி

2010 ஜூலையில் ராஜன் வேலுகர் மும்பைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு மாநில அரசு வகுத்திருந்த தகுதிகளில் ஒன்று, முனைவர் பட்டத்துக்குப் பிறகு பன்னாட்டு ஆய்விதழ்களில் குறைந்தது ஐந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது. விண்ணப்பத்தில் அவர் காட்டிய கட்டுரைகள் அந்தத் தகுதியை நிறைவு செய்யவில்லை என்று சொல்லி, முன்னாள் இணைத் துணைவேந்தர் உள்ளிட்ட சிலர் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். வழக்கு அவருடைய பதவிக்காலம் நெடுகிலும் நீடித்தது. தேடல் குழு அவருடைய தகுதியை மறுபடி ஆராய வேண்டும் என்று 2014 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2015 பிப்ரவரியில் ஆளுநரும் வேந்தருமான சி. வித்யாசாகர் ராவ் அவரைப் பொறுப்பிலிருந்து விலகி நிற்கச் சொன்னார். மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தடை வழங்கியது. வேலுகர் மறுபடி பொறுப்பேற்று, அந்த ஆண்டு ஜூலையில் தம் ஐந்தாண்டுக் காலத்தை முடித்துக்கொண்டார்.

வேலுகர் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலை இல்லை. வழக்கின் மையத்தில் இருந்த குறையே கவனத்துக்குரியது. ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்து, இவை ஆய்வுதானா, எந்த இதழில் வந்தன, அறிவுத்துறைக்கு என்ன சேர்த்தன என்று சொல்லும் கடமை தேடல் குழுவுக்கு உரியது. அந்தக் கேள்விகளுக்கான விடை தெளிவாகப் பதிவாகியிருந்தால் விவகாரம் நீதிபதிகளிடம் போயிருக்காது. நீதிமன்றத்தாலும் கட்டுரைகளை மதிப்பிட முடியாது. குழு தன் வேலையைச் செய்ததா என்று மட்டுமே அது கேட்க முடியும்; அதைத்தான் கேட்டது.

பிரசுர அழுத்தம் கல்வித்துறையைக் கெடுக்கிறது என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்து. ஆனால் அழுத்தம் மட்டுமே கேட்டைப் பிறப்பிப்பதில்லை. பத்திரிகையாளருக்கும் அறுவைச் சிகிச்சை நிபுணருக்கும் அழுத்தம் உண்டு. அது சில இடங்களில் வேலையைக் கூர்மையாக்கவும் செய்கிறது. அப்படியானால் இந்தியப் பல்கலைக்கழகத்தில் பிரசுர அழுத்தம் ஏன் ஆய்வைப் பெருக்காமல் போலியைப் பெருக்கியது? கட்டுரையைக் கேட்கும் அமைப்பில் அதை வாசிக்கும் பொறுப்பு யாரிடமும் இல்லாததே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். மும்பையின் கல்லூரிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் தாராவியிலிருந்தும் கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு அதைப் பரிசீலிக்கலாம்.

2. வழக்கமான மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம் தனிமனித நேர்மையைக் காரணமாக்குகிறது. திருப்பதி வெங்கடேசுவரா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை பன்னாட்டு இதழ்களில் வெளியிட்ட சுமார் எழுபது கட்டுரைகள் திருட்டும் புனைவும் கொண்டவை என்பது 2008இல் உலகறியத் தெரிந்தது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் ‘ஒழுக்கம் கெட்டுவிட்டது’ என்ற புலம்பல் எழுகிறது. ஆனால் அந்த மோசடி எப்படி வெளிப்பட்டது? மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரை ஒன்று எங்கேயோ பார்த்ததாக இருக்கிறதே என்று ஒருவருக்குத் தோன்றியதால். அதற்கு முன் மூன்று ஆண்டுகளில் எத்தனையோ மதிப்பீட்டாளர்களின் கைகளைக் கடந்து அவை அச்சேறியிருந்தன. ஒருவரின் நேர்மையின்மை அவர் எழுதியதை விளக்கலாம். அவை அத்தனையும் ஏற்கப்பட்டதை விளக்காது.

இரண்டாவது விளக்கம் சந்தையைக் குற்றம் சாட்டுகிறது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் 2014இல் மட்டும் சுமார் 4,20,000 கட்டுரைகளை வெளியிட்டன என்று ஷென், பியோர்க் இருவரும் 2015இல் மதிப்பிட்டார்கள். எழுதியவர்களில் ஏறத்தாழ 35 சதவீதம் பேர் இந்தியர்கள். இத்தொழிலின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் குழுமத்துக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் 2019இல் 5 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்த உத்தரவிட்டது. சந்தை இருப்பது உண்மை. ஆனால் வாங்குபவர் இல்லாமல் சந்தை இல்லை. வாங்கியவர் அந்தச் சரக்கைக் கொண்டுபோய்க் காட்டும் இடத்தில் அது செல்லுபடியாகிறது என்பதே வாங்கலுக்குக் காரணம்.

மூன்றாவது விளக்கம்தான் அழுத்தம். பதவி உயர்வு, நியமனம், தரவரிசை மூன்றும் கட்டுரைக் கணக்கைச் சார்ந்திருக்கின்றன. ஆகவே ஆசிரியர் எப்படியாவது எண்ணிக்கையைக் காட்டுகிறார். மூன்றில் இதுவே வலுவானது என்றாலும் ஒரு படியைத் தாண்டிவிடுகிறது. எண்ணிக்கையைக் கேட்பவர் வாசிக்கவும் செய்தால் போலி எண்ணிக்கையால் பயனில்லை. ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர் 2013இல் ‘சயன்ஸ்’ இதழுக்காகச் செய்த சோதனை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. அடிப்படைப் பிழைகள் மலிந்த போலிக் கட்டுரை ஒன்றை அவர் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன, 98 மறுத்தன. 304இல் 36 இடங்களில் மட்டுமே மதிப்பீட்டாளர்கள் அறிவியல் பிழையைக் கண்டார்கள். அந்த 36இலும் 16 இடங்களில், பிழை சுட்டப்பட்ட பிறகும் ஆசிரியர் கட்டுரையை ஏற்றுக்கொண்டார். இந்த 16தான் மற்ற எல்லா எண்களையும்விட முக்கியமானது. அங்கே ஒருவர் வாசித்தார். ஆனால் அவருடைய வாசிப்புக்கு முடிவில் எந்த இடமும் இருக்கவில்லை.

3. பட்டியல்களின் வரலாறு: 2009 முதல் 2025 வரை

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) விதிமாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது.

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று 2009 விதிகள் கட்டாயமாக்கின. 2010இல் ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏபிஐ என்ற புள்ளி முறை வந்தது. மதிப்பீட்டுக்கு உட்படும் இதழில் கட்டுரை வந்தால் 15 புள்ளி. அப்படி இல்லாவிட்டாலும் ஐஎஸ்எஸ்என், ஐஎஸ்பிஎன் எண் இருந்தால் 10 புள்ளி. ஐஎஸ்எஸ்என் என்பது வண்டிக்குப் பதிவெண் கொடுப்பது போன்றது. வண்டி ஓடுமா, பிரேக் பிடிக்குமா என்று அது சொல்லாது. ஆயினும் அடுத்த சில ஆண்டுகளில் நாடெங்கும் கல்லூரிக் கருத்தரங்குகள் ‘எண் உள்ள’ தொகுப்புகளை அச்சிட்டுத் தள்ளின. தமிழ்த்துறைகளுக்கும் இது புதிதில்லை. பதிவுக் கட்டணம் கட்டியவர் எல்லோருடைய நான்கு பக்கமும் இடம்பெறும் பன்னாட்டுக் கருத்தரங்கத் தொகுப்புகள் நம் நூலக அலமாரிகளில் தடித்துக் கிடக்கின்றன.

போலி இதழ்கள் பெருகியதும் யூஜிசி 2017 ஜனவரியில் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் அதில் இருந்தன. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்ந்தவற்றிலிருந்து பூஷண் பட்வர்தன் உள்ளிட்ட புனே ஆய்வாளர்கள் 1,009 இதழ்களை ஆராய்ந்தார்கள். 88 சதவீதத்துக்கும் மேற்பட்டவை தரமற்றவை என்று 2018இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். போலி இதழ்களைப் பட்டியலுக்குள் கொண்டுவந்தவை பல்கலைக்கழகங்களே என்பதுதான் அதன் பொருள். அந்த ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. பிறகு கேர் என்ற புதிய பட்டியல் 2019இல் வந்தது. 2022 நவம்பரில் முனைவர் பட்டத்துக்கான கட்டாயப் பிரசுரம் கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலும் போயிற்று. இதழின் தரத்தை நிறுவனங்களே முடிவுசெய்துகொள்ளட்டும் என்று யூஜிசி சில அளவுகோல்களை மட்டும் முன்வைத்தது.

பதினைந்து ஆண்டுகளில் புள்ளி முறை வந்தது, திருத்தப்பட்டது, பட்டியல் வந்தது, குறைந்தது, மாறியது, மறைந்தது. ஒவ்வொரு மாற்றமும் ‘எந்த இதழில் வந்ததை எண்ணலாம்’ என்ற கேள்விக்கே விடை தேடியது. பதவி உயர்வுக் குழு உறுப்பினர் விண்ணப்பதாரரின் ஒரு கட்டுரையையாவது வாசித்துத் தம் கருத்தை எழுதிவைக்க வேண்டும் என்பது இவற்றில் எதன் மையமாகவும் இருக்கவில்லை.

கருத்துத் திருட்டைத் தடுக்க 2018 ஜூலையில் வந்த விதிகளிலும் இதே மனப்பாங்குதான். ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவு ரத்து. அளவை மென்பொருள் சொல்லிவிடும். மென்பொருளால் சொற்கோவை ஒத்திருப்பதைக் காட்ட முடியும். இன்னொருவரின் கருத்தைச் சொற்களை மாற்றி எடுத்துக்கொண்டதைக் காட்ட முடியாது. தமிழில் நிலைமை இன்னும் விசித்திரம். பழைய ஆய்வு நூல்களில் பெரும்பகுதி இணையத்தில் தேடக்கூடிய எழுத்தாக இல்லை. அவற்றிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தெழுதியவர் தப்பிவிடலாம். சங்கப் பாடல்களை முறையாக மேற்கோள் காட்டியவரின் விழுக்காடு ஏறலாம். நெறியாளர் ஒரு முறை வாசித்தால் தீர்ந்துபோகும் சிக்கல் இது.

தரவரிசையும் சேர்ந்துகொண்டது. 2016 முதல் வெளியாகும் என்ஐஆர்எஃப் என்ற தேசியத் தரவரிசையில் கட்டுரை எண்ணிக்கைக்கும் மேற்கோள் எண்ணிக்கைக்கும் கணிசமான எடை உண்டு. சென்னையின் சவீதா பல் மருத்துவக் கல்லூரி பற்றி 2023இல் ‘சயன்ஸ்’ இதழ் வெளியிட்ட புலனாய்வு, இளநிலை மாணவர்கள் தேர்வு நேரத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுவதையும், அவை அதே கல்லூரியின் பிற கட்டுரைகளை வரிசையாக மேற்கோள் காட்டுவதையும் விவரித்தது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கப்படும் என்று 2025இல் என்ஐஆர்எஃப் அறிவித்தது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் அதுவும் ஓர் எண்ணிக்கையைக் கழிக்க இன்னோர் எண்ணிக்கை.

4. மாட்டுங்கா, சயான்: ஒரே அளவுகோல், வெவ்வேறு உழைப்பு

மாட்டுங்காவில் ஒருவர் நடந்தே சுற்றிவரக்கூடிய பரப்பில் கல்லூரிகள் நெருங்கி நிற்கின்றன. ரூயா (1937), கால்சா (1937), போதார் (1941), 1887இல் தொடங்கி 1923இல் இங்கே இடம்பெயர்ந்த விஜேடிஐ, 1933இல் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கி இன்று ஐசிடி என்று அறியப்படும் வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் எல்லாம் இங்கேதான். மும்பைத் தமிழர்களின் பல தலைமுறைகள் இந்த வளாகங்களில் பட்டம் பெற்றிருக்கின்றன.

இவற்றில் ஐசிடியின் ஆய்வு மரபு தனித்தது. அங்கே பல பத்தாண்டுகள் பணியாற்றிய எம்.எம். சர்மா 1990இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். ஆய்வுக்கூடம், ஆய்வு மாணவர்கள், தொழிற்சாலைகளோடு தொடர்பு, மூத்தவர் இளையவரின் வேலையைக் கேள்வி கேட்கும் வழக்கம் ஆகியவை கூடிய இடத்தில் கட்டுரை இயல்பாகப் பிறக்கிறது. சாலையின் மறுபக்கத்தில் இளநிலை வணிகவியல் நடத்தும் ஆசிரியருக்கோ வாரம் 16 மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் தேர்வுப் பணி, தர மதிப்பீட்டுக்கான நாக் ஆவணங்கள், சேர்க்கைப் பணி. ஆய்வுக்கூடம் இல்லை, ஆய்வு விடுப்பு அரிது. பதவி உயர்வுக் கோப்பில் மட்டும் இருவரிடமும் கேட்கப்படுவது கட்டுரை.

பீரியட் கணக்கில் ஊதியம் பெறும் சிஎச்பி ஆசிரியர்களின் நிலை இன்னும் கடினம். நிரந்தரப் பணிக்கான நேர்காணலுக்கு அழைக்கப்படுவதற்கே யூஜிசியின் 2018 நியமன விதிகளின்படி கட்டுரை ஒன்றுக்கு 2 மதிப்பெண் சேர்கிறது. மாத வருமானம் நிச்சயமில்லாதவர் தம் கைக்காசைப் போட்டு அந்த மதிப்பெண்ணை வாங்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது. அவரை ஏமாற்றுக்காரர் என்று அழைப்பது எளிது. அவரிடம் அந்தக் கட்டுரையைக் கேட்டவருக்கு அதனால் என்ன பயன் என்று கேட்பது கடினம்.

வாசிப்பு என்ற உழைப்பைப் பல்கலைக்கழகம் எப்படி மதிக்கிறது என்பதற்கு 2017 நல்ல சான்று. மும்பைப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டுத் தேர்வுகளின் சுமார் 17 இலட்சம் விடைத்தாள்களைக் கணினித் திரையில் திருத்தும் முறையைப் போதிய ஆயத்தமின்றிப் புகுத்தியது. முடிவுகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. மேற்படிப்புக்குச் செல்ல வேண்டிய மாணவர்கள் தவித்தார்கள். அக்டோபரில் துணைவேந்தர் சஞ்சய் தேஷ்முக் பதவி நீக்கம் செய்யப்பட்டார். மாணவர் எழுதியதை நின்று நிதானித்து வாசிப்பதும் சக ஆசிரியர் எழுதியதை வாசிப்பதும் ஒரே பண்பாட்டின் இரு முகங்கள். ஒன்றை வெறும் தளவாட வேலையாக நடத்தும் அமைப்பு மற்றதை மதிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மாட்டுங்காவை அடுத்த சயானில் லோகமான்ய திலக் நகராட்சி மருத்துவமனை இருக்கிறது. தாராவி மக்கள் நோய் என்றால் முதலில் ஓடுவது அங்கேதான். இத்தகைய மருத்துவக் கல்லூரிகளின் ஆசிரியருக்கு ஒரு நாளில் புறநோயாளிப் பிரிவும் அறுவை அரங்கும் வகுப்பும் உண்டு. பதவி உயர்வுக்குக் கட்டுரையும் வேண்டும். சமிரன் நந்தியும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட கணக்கு இந்திய மருத்துவக் கல்வியை உலுக்கியது. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டில் 579 மருத்துவ நிறுவனங்களில் 332, அதாவது 57 சதவீதம், ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் வெளியிட்டவை 25 நிறுவனங்கள் மட்டுமே. நாட்டின் மொத்த மருத்துவ ஆய்வில் 40 சதவீதம் அந்த 25இலிருந்து வந்தது.

ஆய்வுக்கான அடித்தளமே இல்லாத இடங்களில் கட்டுரையைக் கட்டாயமாக்கினால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. இந்திய மருத்துவக் கவுன்சில் 2015இல் விதிகளைத் திருத்தி, மின்னிதழ்க் கட்டுரைகள் கணக்கில் சேராது என்றும் முதல் இரண்டு ஆசிரியர்களுக்கே மதிப்பு என்றும் வரையறுத்தது. பல மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 2016இல் ஒன்றுகூடி அதை எதிர்த்து எழுதினார்கள். மும்பையிலிருந்து 1993 முதல் வரும் மருத்துவ அறவியல் இதழும் இந்த விவாதத்தைத் தொடர்ந்து முன்னெடுத்தது. அவர்களின் எதிர்ப்பில் ஓர் அடிப்படை உண்மை இருந்தது: தாளில் அச்சானதா திரையில் வந்ததா என்பது தரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இதே மும்பையில் மாற்று வழியும் இருந்திருக்கிறது. பரேலில் உள்ள கேஇஎம் மருத்துவமனையின் ஆசிரியர்கள் 1955இல் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் போஸ்ட்கிராஜுவேட் மெடிசின்’ எழுதுபவரிடம் கட்டணம் வாங்காமல், படிப்பவரிடமும் பணம் கேட்காமல் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கும் இதழாக வளர்ந்தது. நோயாளிகளால் நிரம்பி வழியும் ஒரு நகராட்சி மருத்துவமனையில், மற்றவர் எழுதியதை வாசிப்பதைத் தம் தொழிலின் பகுதியாகக் கருதிய மருத்துவர்கள் இருந்ததால் அது நடந்தது.

நல்ல மரபு மட்டுமே காவலாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாட்டுங்காவின் அந்த வேதியியல் துறையில் பயின்றவர்களில் மிகப் புகழ்பெற்ற ஒருவர் ஆர்.ஏ. மஷேல்கர். காப்புரிமைச் சட்டம் பற்றி அவர் தலைமையிலான அரசுக் குழுவின் அறிக்கையில் ஷம்நாத் பஷீர் எழுதிய ஆய்வின் பகுதிகள் உரிய ஒப்புகையின்றி இடம்பெற்றிருந்தது தெரியவந்து, 2007 பிப்ரவரியில் அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. வரைவைத் துணைக்குழு தயாரித்தது என்று விளக்கம் தரப்பட்டது. அறிக்கை திருத்தப்பட்டு 2009இல் ஏற்கப்பட்டது. நாட்டின் மருந்து விலையோடு தொடர்புடைய ஓர் ஆவணத்தில் ஒரு பத்தி எங்கிருந்து வந்தது என்று, கையொப்பமிட்ட அறிஞர்களில் ஒருவரும் வெளியிடுவதற்கு முன் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் வெளியிலிருந்த வாசகர்கள்.

5. தாராவி: வாசிக்காமல் மேற்கோள் காட்டப்படும் இடம்

பிரசுர ஊழலின் விலையைப் பெரும்பாலும் கல்வித்துறைக்குள்ளேயே கணக்கிடுகிறோம். தாராவியிலிருந்து பார்த்தால் அது வேறாகத் தெரிகிறது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் தோல் பதனிடும் தொழிலோடு காலூன்றிய இப்பகுதி, உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட நகர்ப்புறக் குடியிருப்புகளில் ஒன்று. செம்பூரை அடுத்த தேவனாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து கட்டிடக்கலை, நகரமைப்பு, பொதுச் சுகாதார மாணவர்கள் வந்துபோகிறார்கள். கல்பனா சர்மாவின் நூல் (2000), லீசா வைன்ஸ்டைனின் நூல் (2014) போன்ற பொறுப்பான ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றைச் சுற்றி வளர்ந்த இரண்டாந்தர இலக்கியத்தில் சில எண்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மக்கள் தொகை சில இடங்களில் மூன்று இலட்சம், சில இடங்களில் பத்து இலட்சம். ஆண்டு வணிகம் ஐம்பது கோடி டாலர் என்பார் ஒருவர், நூறு கோடி டாலர் என்பார் இன்னொருவர். பெரும்பகுதி முறைசாராத் தொழில்களால் ஆன பொருளாதாரத்தில் அந்த எண்ணை யார், எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற விவரம் அரிதாகவே கூட வருகிறது. கராச்சியின் ஓரங்கி பரப்பிலும் மக்கள் தொகையிலும் பெரியது என்று பலமுறை எழுதப்பட்ட பிறகும், இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தாராவி ‘ஆசியாவின் மிகப்பெரிய சேரி’ என்ற பட்டத்தைச் சுமக்கிறது. ஒரு கட்டுரை இன்னொன்றைச் சுட்ட, அது மூன்றாவதைச் சுட்ட, எண்ணுக்கு மேற்கோளே சான்றாகிவிடுகிறது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் இதே நகரத்தில் உண்டு. 2020 ஜூலையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், நிதி ஆயோக், மும்பை மாநகராட்சி ஆகியவை சேர்ந்து மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் வார்டுகளில் சுமார் 6,900 பேரின் இரத்தத்தைச் சோதித்தன. கொரோனா எதிர்ப்புப் பொருள் சேரிப் பகுதிகளில் 57 சதவீதம் பேரிடமும் மற்றக் குடியிருப்புகளில் 16 சதவீதம் பேரிடமும் இருப்பதாக முதலில் அறிவிக்கப்பட்டது. ஆய்விதழில் வெளியானபோது சேரிப் பகுதிக்கான எண் 54 ஆகத் திருத்தமடைந்தது. எந்த வார்டு, யாரிடம், எந்தச் சோதனை, எவ்வளவு பிழை வாய்ப்பு என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. தாராவி அந்த மூன்று வார்டுகளில் இல்லை; அது ஜி வடக்கு வார்டில் இருக்கிறது. ‘தாராவியில் 57 சதவீதம்’ என்று எழுதிவிடுவது மிக எளிது. ஆய்வைத் திறந்து பார்த்தவர் அப்படி எழுத மாட்டார்.

இது வெறும் துல்லியப் பிரச்சினையா? 2022 நவம்பரில் அதானி குழுமம் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே வசிப்பவர் என்று நிறுவுபவருக்கும் மற்றவருக்கும் கிடைக்கும் வீட்டின் இடமும் விதியும் வேறு. எத்தனை பேர் வாழ்கிறார்கள், எத்தனை பட்டறைகள், எவ்வளவு வருமானம் என்ற எண்களின் மேல்தான் பேரம் நடக்கிறது. பதவி உயர்வுக்காகக் கூடுதலாக எழுதப்பட்ட ஒரு கட்டுரையின் சரிபார்க்காத எண், அரசின் கோப்பிலோ நிறுவனத்தின் திட்ட அறிக்கையிலோ நுழையும்போது அதன் சுமை குடியிருப்பவர் தலையில் இறங்குகிறது. கேள்வித்தாளுக்குப் பதில் சொன்ன பெண்மணிக்கு அந்தக் கட்டுரை தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ திரும்பி வருவது அபூர்வம். அவருக்கு அது கிடைத்திருந்தால், ‘எங்கள் சால் குடியிருப்பில் இத்தனை வீடு இல்லையே’ என்று முதல் திருத்தம் அவரிடமிருந்தே வந்திருக்கும்.

6. ஒரு வலுவான மறுப்பு

எண்ணிக்கையை விட்டு வாசிப்புக்குத் திரும்புவோம் என்றால் ஒரு நியாயமான மறுப்பு எழும். எண்கள் வருவதற்கு முன் இந்தியப் பல்கலைக்கழகத்தில் பொற்காலம் எதுவும் இருக்கவில்லை. நேர்காணல் குழுவின் ‘மதிப்பீடு’ என்ற பெயரில் சாதியும் உறவும் சிபாரிசும் பணமும் வேலை செய்தன; இன்றும் செய்கின்றன. பணி நியமனத்துக்கு லஞ்சம் வாங்கியதாகக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் 2018 பிப்ரவரியில் கைதானதை நாம் பார்த்தோம். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக, ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த ஆசிரியருக்குப் புள்ளி முறை ஒரு பிடிமானம். ‘என்னிடம் இத்தனை புள்ளி இருக்கிறது, ஏன் மறுத்தாய்?’ என்று கேட்கவும், தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போடவும், நீதிமன்றம் செல்லவும் எண் உதவுகிறது. ‘உங்கள் கட்டுரையில் ஆழம் இல்லை’ என்ற வாய்மொழித் தீர்ப்பை எதிர்த்து அவர் எங்கே போவார்?

இந்த மறுப்பை ஒதுக்க முடியாது. ஆனால் அது எண்ணுக்கான வாதம் என்பதைவிட, பதிவுக்கான வாதம். ஆசிரியரைக் காப்பது, மறுப்புக்கான காரணம் எழுத்தில் இருப்பதும் அதை எதிர்க்க வழி இருப்பதும்தான். எண் அதைத் தருவதுபோல் தோன்றினாலும் பணம் உள்ளவர் எண்ணை விலைக்கு வாங்கலாம். சிஎச்பி ஆசிரியருக்கு அது கடன். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் கணக்கில் இருந்ததை அறப்போர் இயக்கம் 2024இல் வெளிக்கொணர்ந்தது. ஆளையே நேரில் பார்க்காமல் எண்ணும் அமைப்பில், எண் பலவீனரைக் காக்கும் என்று நம்புவது கடினம்.

பிற நாட்டு அனுபவங்கள் இடைவழி ஒன்றைக் காட்டுகின்றன. ஜெர்மனியின் ஆராய்ச்சி நிதி அமைப்பு 2010இல் விண்ணப்பதாரர் தம் முக்கியமான ஐந்து வெளியீடுகளை மட்டுமே காட்டலாம் என்று வரம்பு விதித்தது. கட்டுரைக்குக் காசு கொடுத்துப் பெருக்கிய சீனா, 2020இல் அந்தப் பரிசுகளைத் தடைசெய்து, தேர்ந்தெடுத்த சில படைப்புகளைக் கொண்டு மதிப்பிடச் சொன்னது. இரண்டும் ஒரே தர்க்கத்தில் இயங்குகின்றன: ஐந்து கட்டுரை என்றால் ஒருவர் வாசித்துவிட முடியும், ஐம்பது என்றால் எண்ணத்தான் முடியும்.

வாசித்துச் சொல்பவருக்குப் பாதுகாப்பும் வேண்டும். 2014 ஜனவரியில் துணைவேந்தர் வேலுகரின் நிர்வாகம் பற்றிப் பொதுவெளியில் கேள்வி எழுப்பிய மும்பைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் நீரஜ் ஹாட்டேகர் இடைநீக்கம் செய்யப்பட்டார். காலினா வளாகத்தில் மாணவர்கள் போராடிய பிறகே அது திரும்பப் பெறப்பட்டது. சக பேராசிரியரின் அல்லது மேலதிகாரியின் வேலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுபவர் இப்படித் தண்டிக்கப்படும் இடத்தில், எந்தக் குழு உறுப்பினரும் பாதகமான ஒரு வரியை எழுதத் துணியமாட்டார். எண் அவருக்கும் ஒரு மறைவிடம்: ‘புள்ளி இருந்தது, ஒப்பமிட்டேன்.’

7. முடிவு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, போலி இதழும் போலிக் கட்டுரையும் நோயின் வெளிப்பாடுகள். கட்டுரையை வாசிக்காமலே அதற்குப் பலன் வழங்கும் நடைமுறை இருக்கும்வரை பட்டியலை எத்தனை முறை மாற்றினாலும் அவை வேறு வடிவில் வரும். இரண்டாவது, கற்பித்தலே முதன்மையான கல்லூரியையும் ஆய்வு நிறுவனத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது நேர்மையான ஆசிரியரைப் பொய்யராக்குகிறது. நன்றாகக் கற்பிப்பவர் கட்டுரையின்றியே உயர வழி வேண்டும். மூன்றாவது, கேட்டின் விலையைக் கல்வித்துறை மட்டும் செலுத்துவதில்லை. தாராவி போல ஆய்வுக்கு உட்படும் மக்களும் செலுத்துகிறார்கள். அவர்களையும் ஆய்வின் வாசகர்களாகக் கருதி, அவர்கள் மொழியில் முடிவுகளைத் திருப்பித் தருவது ஆய்வு அறத்தின் பகுதியாக வேண்டும்.

இவற்றில் பெரும்பகுதி டெல்லியில் முடிவாக வேண்டியவை. ஒன்றை மட்டும் எந்தக் கல்லூரியும் நாளையே தொடங்கலாம். நியமனக் குழுவும் பதவி உயர்வுக் குழுவும், விண்ணப்பதாரர் தேர்ந்துகொடுத்த இரண்டு கட்டுரைகளைப் பற்றி ஒவ்வொரு உறுப்பினரும் பெயரிட்டு எழுதிய ஒரு பக்கக் குறிப்பைக் கூட்ட நடவடிக்கையில் சேர்க்க வேண்டும். விண்ணப்பதாரருக்கு அதன் நகல் தரப்பட வேண்டும். பாதகமான குறிப்பை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்யலாம். சாதகமான குறிப்புக்கு எழுதியவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். இதனால் சிபாரிசு ஒழிந்துவிடாது. ஆனால் வெற்றுக் கட்டுரையைப் பாராட்டி எழுதியவரின் பெயரும் அந்தக் கட்டுரையோடு சேர்ந்தே கோப்பில் நிற்கும். 2010இல் அத்தகைய குறிப்பு ஒன்று மும்பைப் பல்கலைக்கழகக் கோப்பில் இருந்திருந்தால், வழக்கின் முதல் கேள்விக்கு விடை முதல் நாளே கிடைத்திருக்கும்.